ஆடி கழியட்டும்

நாகேஸ்வரன் கார் வாங்கியிருக்கிறான் என்பது சந்து முழுக்கத் தெரியும். அது ஓடி ஒருவரும் பார்த்ததில்லை என்பதும் தெரியும். கரமனையில் ஆற்றுப் பக்கம் இறங்கும் அந்தச் சந்தின் முனையில், சாம்பல் நிற உறையைப் போர்த்தி, நாலு மூலையிலும் கயிறு கட்டி, காற்றில் தூக்காமல் இருக்கச் செங்கல்லும் வைத்து, வண்டி அது பாட்டுக்கு நின்றது. குனிந்து பார்த்தால் உறைக்குக் கீழே டிஎன் 74 என்று நம்பர் பிளேட் தெரியும். நாகர்கோவில் வண்டியா என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். இப்போதைக்கு அப்படித்தான், ஆடி கழியட்டும், கேரள வண்டியாகிவிடும் என்று அவனும் சலிக்காமல் சொன்னான்.

நல்லவன்தான், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த அரிசி மண்டிக்கு மேனேஜர். குடி கிடையாது, வாய்ச்சண்டை கிடையாது, பிறத்தியார் காரியத்தில் தலையிடுவதும் கிடையாது. ஆனால் பயம் மட்டும் ஒரு கூடை. மின்சார பில்லைக் கட்டிவிட்டு, கட்டியது ஏறியிருக்கிறதா என்று மறுநாளும் போய்க் கேட்பான். வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மாட்டான். பூனை குறுக்கே போனால், பார்க்காத மாதிரி நின்று செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டுத்தான் நடப்பான்.

அப்படிப்பட்டவன் கார் வாங்கியதற்குக் காரணம் அவன் மனைவி சுஜா. கல்யாணமாகி இரண்டு முறை அவள் வயிற்றில் தங்கிய பிள்ளை நிலைக்காமல் போயிற்று. இரண்டாவது தடவை வலி எடுத்து ஆட்டோவில் போனார்கள். ரோடு முழுக்கக் குழி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் அவன் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள், கடைசியில் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். ஆட்டோ குலுங்கினதால்தான் போயிற்று என்று டாக்டர் சொல்லவில்லை. நாகேஸ்வரன் தானாகவே அப்படி முடிவு கட்டிக்கொண்டான். மூன்றாம் முறை தங்கியது என்று தெரிந்த வாரமே நாகர்கோவிலுக்குப் போன் போட்டு, அக்கா புருஷன் தாணுமாலையனிடம், அத்தான், அந்தக் காரை எனக்குத் தந்துவிடுங்கள் என்று கேட்டான். கண்ணில் புரை விழுந்து வண்டி ஓட்டுவதை விட்டிருந்த அத்தானும் சரி என்றார்.

காரைக் கொண்டுவந்தது யோசுவா. எதிர்வீட்டுக்காரர். ஊர் பாறசாலை. சாலைக் கடைத்தெரு மண்டிகளுக்கு லாரி ஓட்டியே தலை நரைத்தவர், அப்போது முட்டுவலி வந்து வீட்டில் இருந்தார். நாகேஸ்வரனிடம் லைசென்ஸ் இருந்தது, அதுவும் நாகர்கோவிலில் எடுத்ததுதான். ஊருக்குள்ளே பயப்படாமல் ஓட்டுவான், பெரிய ரோட்டில் எதிரே லாரியைக் கண்டால் கை நடுங்கும். ஆகவே, பணத்தைச் சேர்த்துக் கொடுத்து முடித்ததும், ஆனி மாசக் கடைசியில் யோசுவா ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார, நாகர்கோவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த யோசுவாவின் மனைவி செல்லபாய் பின்சீட்டில் பலாப்பழத்தோடு ஏறிக்கொள்ள, மூவருமாகத் திரும்பி வந்தார்கள்.

களியக்காவிளை எல்லை நெருங்க நெருங்க நாகேஸ்வரன் பாலிசிக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டியும் இன்சூரன்சும் அத்தான் பேரில், ஓட்டுவது மூன்றாம் ஆள், இதோ கேரளம் வந்துவிட்டது. யாரையாவது இடித்துவிட்டால்? மூக்கால் அழுதுகொண்டே வந்தான். யோசுவா வண்டியை ஓரங்கட்டி, பாலிசியில் இருந்த நம்பருக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். விஷ்ணுப்ரியா என்று ஒரு பெண் பேசினாள். வண்டி கைமாறினாலும் இடிபடுகிற எதிராளிக்கு உள்ள இன்சூரன்ஸ் வண்டியோடு கூடவே போகும், லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம், எந்த ஸ்டேட்டில் ஓடினாலும் செல்லும், நம்முடைய வண்டிக்கு ஆகும் சேதத்துக்குத்தான் பேர் மாற்ற வேண்டும், இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள் சார் என்று தெளிவாகச் சொன்னாள். பின்சீட்டில் செல்லபாய், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், இனியாவது இந்தப் பிள்ளை வாயை மூடட்டும் என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

வந்த கையோடு பேரை மாற்றியிருக்கலாம். நாகர்கோவில் ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்கியாயிற்று. யோசுவா தரையில் கோணிப்பையை விரித்து, முட்டுவலியோடு மல்லாந்து படுத்து, சேசிஸ் நம்பரின் மேல் செலோடேப்பை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுத்துவிட்டார். எல்லாம் தயார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. தமிழில் ஆடி, மலையாளத்தில் கர்க்கடகம். பாஷை இரண்டு, பயம் ஒன்று. அந்த மாசத்தில் கல்யாணம் கிடையாது, புதுவீட்டுப் பால்காய்ச்சு கிடையாது, புது வண்டியும் கிடையாது. இன்சூரன்சுக்கு எழுதிக் கொடுப்பதைக்கூட நாகேஸ்வரன் தள்ளிப் போட்டான். புதுப் பேர், புது நம்பர், புது இன்சூரன்ஸ் எல்லாம் ஆவணி பிறந்ததும்தான். அதன்பிறகு பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் பூஜை. அந்த முதல் ஓட்டத்தில் சுஜா முன்சீட்டில் உட்கார வேண்டும். அதுவரை சக்கரம் உருளக் கூடாது.

பேட்டரி செத்துப்போகுமே என்று யோசுவா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை யோசுவா வந்து, உறையை ஓட்டுநர் பக்கம் மட்டும் தூக்கி, உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிடுவார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். இம்மி நகரக் கூடாது. சந்துப் பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்க்கும்.

"எனக்க ஆயுசுல எவ்வளவோ வண்டி ஓட்டியாச்சு மக்கா. போகாத ஊருக்கு ஓட்டுனது இதாக்கும்" என்று யோசுவா கண்ணாடி வழியாகத் தலையை நீட்டிச் சொல்வார். நாகேஸ்வரனும் சிரிப்பான், ஆனால் சக்கரத்தின் மேல் ஒரு கண் இருக்கும்.

அந்த ஹர்த்தால் வந்தது கர்க்கடகத்தின் நடுவில். முன்னே மாதிரி இப்போதெல்லாம் அடிக்கடி ஹர்த்தால் இல்லை. அதனாலேயே வந்த அன்று ஊர் ஒரேயடியாக அடங்கிவிட்டது. கடை இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ ஒன்றுகூட வெளியே தலைகாட்டவில்லை. போதாததற்கு மழை. முந்தின நாள் பிடித்தது விடவேயில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து சுஜா உள்ளறையில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாகேஸ்வரன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

செல்லபாய் நின்றாள். குடை இல்லை. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"தம்பி, அவருக்கு நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லுதாரு. வேர்த்துக் கொட்டுது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாச்சு, வழியில மரம் விழுந்து கிடக்காம், நேரம் ஆகும்னு சொல்லுதாவ. வண்டியக் கொஞ்சம் எடுங்க."

சாவி பின்சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கத்தான் திரும்பினான், அது சத்தியம். திரும்பியவன் கண்ணில் உள்ளறைக் கதவிடுக்கு வழியாகச் சுஜாவின் வயிறு பட்டது. மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கியது. ஆடி மாசம். பூஜை போடாத வண்டி. இங்கே வந்தபின் அதில் முதன்முதலாக ஏறுகிறவர் வழியிலேயே போய்விட்டால்? அந்த சீட்டிலா நாளைக்கு இவள் பிரசவத்துக்குப் போவது? இரண்டு போயிற்று, இதுவும் போக வேண்டுமா? இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதைச் செல்லபாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நாக்கு வேறொன்றைத் தேடி எடுத்தது.

"அக்கா, வண்டி இன்னும் எனக்க பேருக்கு மாறல. இன்சூரன்சும் அத்தான் பேருலதான் இருக்கு. வழியில ஏதாவது ஆயிட்டுன்னா பெரிய கேசாயிரும். அதான் யோசிக்கேன்."

செல்லபாய் அவனைப் பார்த்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தான். கெஞ்சியிருந்தால் எடுத்திருப்பானோ என்னவோ, பிற்பாடு பல தடவை அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். அவள் கெஞ்சவில்லை. சரி தம்பி என்று சொல்லிவிட்டு, வந்த மழையிலேயே திரும்பி ஓடினாள்.

சந்தின் பின்பக்கத்தில் ஷிபு என்று ஒரு பையன், சாமான் ஏற்றும் பெட்டி ஆட்டோ வைத்திருந்தான். அவனும் அன்று மனைவி வீட்டில் இருந்தான். செல்லபாய் போன் போட்டதும் புறப்பட்டு வந்தான், வந்து சேர நேரமாயிற்று. பெட்டிக்குள் அரிசிச் சாக்குகளை விரித்து, மேலே தார்ப்பாயைக் கட்டிவிட்டு, நாலு பேர் யோசுவாவைத் தூக்கிவந்தார்கள். நாகேஸ்வரன் ஓடிப்போய்க் குடை பிடித்தான். அவனால் முடிந்தது அது. உறை போட்ட காரை ஒட்டித்தான் தூக்கிப்போக வேண்டியிருந்தது. யோசுவாவின் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. குடை முழுதும் தன் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டு கையை லேசாக அசைத்தார்.

"நீ நனையாத மக்கா" என்றார்.

பெட்டி ஆட்டோ ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழுந்து போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக ஷிபு வந்து சொன்னான். டாக்டர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நாகேஸ்வரன் நினைத்தான். அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் பாறசாலையில் அவர்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நாகேஸ்வரன் பஸ்ஸில் போனான். பெட்டியைத் தூக்குவதற்கு ஒரு கை கொடுத்தான், மண் போட்டான், யாரைவிடவும் அதிகமாக அழுதான். நல்ல அயல்காரன் என்று பாஸ்டர்கூட அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது சுஜா கேட்டாள்.

"வண்டிய ஏன் எடுக்கல?"

"இன்சூரன்ஸ் மாறலல்லா சுஜா."

அவள் சோற்றைப் போட்டாள். களியக்காவிளையில் அந்தப் போன் பேச்சின்போது அவள் வண்டியில் இல்லை. அதனால் நம்பியிருப்பாள் என்று அவன் வைத்துக்கொண்டான். அந்த மாசம் முடியும்வரை எஞ்சினை ஓடவிட ஆளில்லை. உறையின் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் கொசு முட்டையிட்டது.

ஆவணி பிறந்தது. பேட்டரி செத்திருந்தது, புதுசு வாங்கிப் போட்டான். அதன்பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன, ஒரு தடங்கலும் இல்லை. மெக்கானிக்கைக் கொண்டு வண்டியை ஆர்டிஓ மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, தான் ஆட்டோவில் போனான், முதல் ஓட்டம் கெட்டுவிடக் கூடாதே. அங்கே அதிகாரி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, காகிதத்தில் ஒட்டியிருந்த சேசிஸ் அச்சோடு நம்பரை ஒத்துப் பார்த்தார். நாகேஸ்வரனும் எட்டிப் பார்த்தான். செலோடேப்பின் ஓரத்தில், பென்சில் கரி படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. யோசுவாவின் விரல். அதிகாரி அதன் மேலேயே சீல் குத்தினார். சரியாக இருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னார்.

நாகர்கோவில் இன்சூரன்ஸ் ஆபீசில் அதே விஷ்ணுப்ரியாதான் இருந்தாள். இரண்டு வாரம் என்று சொன்னேனே சார், இப்படியா தாமதிப்பது, ஏதாவது இடித்திருந்தால் உங்கள் வண்டிக்குச் சல்லிக்காசு வந்திருக்காது என்று கடிந்துகொண்டாள். ஆனாலும் எதிராளிக்கு ஒன்றும் குறை வந்திருக்காது, நீங்கள் தைரியமாக ஓட்டியிருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னாள். கேட்காமலே சொன்னாள். நாகேஸ்வரன் கையெழுத்துப் போட்ட இடம் கோணலாகப் போயிற்று. லைசென்சிலும் விலாசம் மாறி, கரமனை வீட்டு நம்பரோடு புது அட்டை தபாலில் வந்தது. அதில் இருந்த படத்தில் நெற்றியில் விபூதியோடு ஒரு நல்ல மனிதன் சிரிக்காமல் இருந்தான்.

பூஜைக்கு நாள் குறித்தார்கள். சந்தில் தண்ணீர் தெளித்து, காரைக் கழுவி, கேஎல் 01 என்று பளபளக்கும் புது நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம் வைத்து, முகப்பில் செவ்வந்தி மாலை போட்டு, சக்கரம் நாலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சுஜா பட்டுச்சேலை கட்டி, இடுப்பில் கைவைத்து நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. அவன் கதவைத் திறந்து, ஏறு என்று சொல்ல வாயெடுத்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

செல்லபாய் வெள்ளைச் சேலையில், கையில் வேதப்புத்தகப் பையோடு வந்தாள். துக்கத்துக்குப் பிறகு அவள் அவன் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. சுஜாவை மட்டும் அவன் மண்டிக்குப் போன நேரம் பார்த்துப் போவாள் என்று அவனுக்குத் தெரியும். நேரே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"தம்பி, பேரு மாறியாச்சா?"

"மாறியாச்சுக்கா."

"இன்சூரன்சு?"

"அதும் மாறியாச்சு."

"அப்பம் ஒரு ஓட்டம் வரணும். பாறசாலைக்கு. அவருக்குக் கல்லறை கட்டியாச்சு, நான் இன்னும் பாக்கல."

கோவிலுக்குப் போய்விட்டு வந்து கொண்டுவிடுகிறேன் அக்கா என்று அவன் இழுத்தான். இல்லை தம்பி, இப்போது என்றாள் அவள். கோபம் ஒன்றும் இல்லை குரலில், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சந்தில் நாலைந்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவன் சுஜாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிள்ளைத்தாய்ச்சி சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

"கொண்டு விட்டுட்டு வாங்க" என்றாள் சுஜா. சொல்லிவிட்டு, சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தாள். செல்லபாய் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். குனியாத மக்கா என்று சொல்லி, தானே நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து பழங்களை எடுத்து, அவள் முந்தானையில் போட்டாள். கல்லறைக்கெல்லாம் நீ வர வேண்டாம், உள்ளே போய்ப் படுத்துக்கொள் என்றும் சொன்னாள்.

அப்படியாகத்தான் அந்த வண்டி அவன் கையில் முதன்முதலாக ஓடியது. மாலையோடும் சந்தனத்தோடும், பின்சீட்டில் ஒரு விதவையோடும், கல்லறைக்கு ஓடியது. நாகேஸ்வரன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தான். எதிரே லாரி வந்தது, கை நடுங்கவில்லை. பயப்படுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாதபோது கை நடுங்காது போலிருக்கிறது. பாலராமபுரம் தாண்டியாயிற்று. கண்ணாடியில் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"அண்ணைக்கு நான் உங்களுக்க வீட்டுக்கு வரதுக்கு முந்தியே அவரு சொன்னாரு தம்பி" என்றாள். "நாகேஸ்வரங்கிட்ட கேக்காத, ஆடி மாசமாக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கு வாங்குன வண்டி, என்னைய ஏத்த அவன் பயப்படுவான்னாரு. நான்தான் அவரு சொன்னதக் கேக்காம ஓடி வந்தேன்."

அவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க அதையே சொல்லியிருந்தா எனக்கு மனசிலாயிருக்கும். ஆடி மாசம் அக்கா, எனக்குப் பயமா இருக்குன்னு ஒரு வார்த்த. சுஜாவுக்க முந்துன ரெண்டையும் துணியில பொதிஞ்சு எடுத்தவ நானாக்கும். எனக்கா தெரியாது? ஆனா இன்சூரன்சுன்னு சொன்னியளே தம்பி. அந்தப் பிள்ளை போன்ல சொல்லும்போ நான் பின்சீட்டுல இருந்தேன்லா. இதே சீட்டுல."

அக்கா என்று மட்டும் அவனுக்கு வந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு பஸ் பின்னால் நின்று ஹாரன் அடித்துத் தீர்த்தது. தான் வண்டியை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்தான். பின்னால் இருந்தவள் அழு என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் கேட்டில் இறங்கினாள். அவனும் இறங்கப் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"நீங்க போங்க. நான் பஸ்ஸுல வந்துக்கிடுவேன். இது அவருக்குள்ள ஓட்டம், முடிஞ்சாச்சு. இனி உங்கள நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கேட்கவும் இல்லை. வழியில் கண்டால் சாப்பிட்டீர்களா தம்பி என்பாள், அதோடு சரி. சுஜாவிடம் அவன் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். காரணம் இன்சூரன்ஸ் அல்ல, பயந்துவிட்டேன், உனக்காகத்தான் பயந்தேன் என்று சொல்லி அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவள் அவன் தலையில் கை வைக்கவில்லை.

"எனக்காகன்னு சொல்லாதீங்க" என்றாள். "அந்தச் சுமைய எனக்க பிள்ளை மேல ஏத்தாதீங்க. அண்ணைக்கு நீங்க என்னைய எழுப்பவே இல்ல. எழுப்பிக் கேட்டிருந்தா நான் எடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

பழவங்காடிக்கு அவர்கள் போகவில்லை. அந்த எலுமிச்சம்பழம் நாலும் அடுப்படிச் சன்னலில் கிடந்து காய்ந்தது. வண்டிக்கு மறுபடியும் உறை போட்டான். எஞ்சினை மட்டும் அவனே போய் உட்கார்ந்து ஓடவிட்டான். கொஞ்ச நேரம் உறுமும், அணைப்பான், வருவான்.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் சுஜாவுக்கு வலி எடுத்தது. நாகேஸ்வரன் பாய்ந்து வெளியே போய் உறையை உருவி எறிந்தான். பின்சீட்டில் விரிப்பு விரித்து, இரண்டு தலையணை வைத்து, கண்ணாடியைத் துடைத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இதற்காகத்தானே வாங்கியது. சுஜா படியிறங்கி வந்தாள். ஒரு பக்கம் செல்லபாய் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்திருந்தாள், மறுகையில் துணிப்பை. இரண்டு பேரும் மெல்ல மெல்ல வந்து, திறந்த கதவைக் கடந்து, சந்து முனையை நோக்கி நடந்தார்கள். அங்கே ஓர் ஆட்டோ நின்றது.

"சுஜா, வண்டி இருக்கு" என்றான்.

"ஆட்டோ போதும்."

"குலுங்கும் சுஜா. போன தடவை..."

"குலுங்கட்டும்" என்றாள். வலியில் ஒரு நிமிஷம் நின்று, பல்லைக் கடித்து, செல்லபாயின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள். கல்லறைக்கு ஓடிய வண்டி என்பதாலா, அன்றைக்கு ஓடாத வண்டி என்பதாலா? அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. செல்லபாய் அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டுத் தலையை மட்டும் திருப்பினாள். நீங்கள் பின்னால் வாருங்கள் தம்பி என்றாள்.

அவன் பின்னால் போனான். ஆட்டோ முன்னால் குழிகளைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கிப் போயிற்று. ஒதுங்க முடியாத இடத்தில் விழுந்து எழுந்தது. அவன் கார் அதே குழிகளில் மெத்தென்று இறங்கி ஏறியது. பின்சீட்டில் இரண்டு தலையணையும் ஆடாமல் இருந்தன. கிள்ளிப்பாலம் சிக்னலில் ஆட்டோ கடந்த மறுகணம் சிவப்பு விழுந்தது. ரோட்டில் குறுக்கே ஒரு வண்டியும் வரவில்லை. போயிருக்கலாம். நாகேஸ்வரன் பிரேக்கை மிதித்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தினான்.

வண்டி அவன் பேரில் இருந்தது. இன்சூரன்ஸ் அவன் பேரில் இருந்தது. சட்டைப்பையில் லைசென்ஸ் இருந்தது. ஆட்டோ வளைவில் திரும்பி மறைவதைப் பார்த்துக்கொண்டு, பச்சை விழுவதற்காக அவன் காத்திருந்தான்.